முடிவு முதலில், ஆய்வு பிறகா?

அமெரிக்க ஐக்கிய நாட்டின் அலாஸ்கா மாநிலத்தில், ஆர்க்டிக் வனவிலங்குப் புகலிடத்தின் கடற்கரைச் சமவெளியில் எண்ணெய் எடுக்கலாமா என்ற விவாதம் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. 'போர்க்குபைன்' எனப்படும் கரிபூ கலைமான் கூட்டம் குட்டி ஈனுவதற்குத் தேடிவரும் முக்கிய இடம் இது. 2017ம் ஆண்டில் இக்கூட்டத்தில் ஏறத்தாழ 2,18,000 மான்கள் இருந்தன. இளந்தளிர் கிடைப்பதாலும், கடற்காற்று கொசுக்களை விரட்டுவதாலும் தாய்மான்கள் இங்கு வருகின்றன. இம்மான்களை நம்பி வாழும் க்விச்சின் பழங்குடியினர், உயிர் தொடங்கும் புனித இடம் என்று இதை அழைக்கின்றனர்.

மேற்கே உள்ள புருடோ விரிகுடா எண்ணெய் வயல்களில், குட்டியோடு இருக்கும் பெண்மான்கள் சாலைகளையும் குழாய்களையும் விட்டு விலகிச் செல்வதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். எண்ணெய் எடுக்கத் தொடங்கிய பின்னரும் அங்குள்ள மான்கூட்டம் பல ஆண்டுகள் பெருகியதே என்று திட்டத்தின் ஆதரவாளர்கள் சொல்வதும் உண்மைதான். ஆனால், அங்கே ஒதுங்கிச் செல்ல அகன்ற சமவெளி உண்டு. புகலிடத்திலோ மலைக்கும் கடலுக்கும் இடையே குறுகிய நிலமே உள்ளது. எனவே, தலைகளை எண்ணுவது மட்டும் மதிப்பீடு ஆகிவிடாது.

2017ம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்று, இச்சமவெளியைக் குத்தகைக்கு விடவேண்டும் எனக் கட்டளையிட்டது. சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை 2019ல் வெளிவந்தது. குத்தகைக்கு விடலாமா என்ற கேள்வியே அதில் எழவில்லை. எப்படி விடுவது என்பதே கேள்வியானது. 2025 சனவரியில் நடந்த ஏலத்தில் எந்த நிறுவனமும் பங்கேற்கவில்லை. இருப்பினும், அதே ஆண்டு சூலையில் வந்த புதிய சட்டம் மேலும் நான்கு ஏலங்களைக் கட்டாயமாக்கியது.

வேறு வழியும் உண்டு என்பதைக் கனடா காட்டியது. மெக்கன்சி பள்ளத்தாக்கு எரிவாயுக் குழாய்த் திட்டத்தை ஆராய, 1974ல் நீதிபதி தாமஸ் பெர்கர் நியமிக்கப்பட்டார். அவர் 35 ஊர்களுக்குச் சென்று பழங்குடி மக்களுக்குச் செவிமடுத்தார். மான்கள் குட்டி ஈனும் வட யூக்கான் வழியாகக் குழாய் போகவே கூடாது, பள்ளத்தாக்கிலும் பத்து ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும் என்று 1977ல் பரிந்துரைத்தார். அந்த விசாரணை நடந்த காலத்தில், கனடா ஆயர்களும் 1975ம் ஆண்டு தொழிலாளர் தினச் செய்தியில், வடபகுதி வளர்ச்சிக்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்று கேட்டனர்.

திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களும், 2015ல் வெளியிட்ட 'இறைவா, உமக்கே புகழ்' திருமடலில் இதையே வலியுறுத்துகிறார். பாதிப்பு ஆய்வு, திட்டம் தீட்டப்பட்ட பிறகு செய்யும் சடங்கு அல்ல. அது தொடக்கத்திலிருந்தே, வெளிப்படையாக, பணம் மற்றும் அரசியல் அழுத்தமின்றி நடைபெறவேண்டும் என்கிறார்.

எரிபொருள் நம் எல்லாருக்கும் தேவைப்படுகிறது. ஆகவே, இக்கேள்வியிலிருந்து நாம் விலகி நிற்க முடியாது. வாய்பேசாத உயிர்களுக்காகவும், வாய்திறந்தும் கேட்கப்படாத மக்களுக்காகவும், முடிவு எடுக்கப்படுவதற்கு முன்னரே குரல் கொடுப்போம்.