அந்த மாத்திரை அட்டையைப் பார்த்துச் சிரிக்காதீங்க

ஜெயங்கொண்டம் பக்கத்துக் கிராமம். முப்பதுகளில் இருக்கும் ஒரு பெண். முந்திரித் தோப்பு வேலைக்குப் போறவங்க. ரெண்டு வருஷமா மூச்சு வாங்குது. "ரத்தம் கம்மி"ன்னு சத்து மாத்திரையிலேயே காலம் போச்சு. கடைசியா எக்கோ எடுத்தப்பதான் நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ரொம்ப அதிகம்னு தெரிஞ்சது. பெரிய ஆஸ்பத்திரியில் முழுசா பரிசோதிச்சு சில்டெனாஃபில் ஆரம்பிச்சாங்க. நடை தேறியது.

போன மாதம் கால் வீங்கி, படுக்க முடியாம வந்தாங்க. மாத்திரையை நிறுத்தி மூணு வாரம் ஆச்சாம்.

"மெடிக்கல்ல ஒரு தம்பி அட்டையப் பாத்துட்டு, 'இது யாருக்குக்கா?'ன்னு சிரிச்சாரு சார். வீட்ல சொன்னேன். 'பொம்பள திங்குற மாத்திரையா இது'ன்னு அவரு தூக்கிப் போட்டுட்டாரு."

ஆமாம், வயாக்ராவில் இருப்பதும் இதே மருந்துதான். ஆனால் அது பாதிக் கதை. மீதிக் கதையைக் கேளுங்க.

நம் ரத்தக்குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை நொடிக்கு நொடி தயாரிக்குது. (சிரிப்பு வாயு வேற, அது நைட்ரஸ் ஆக்சைடு.) இது குழாயைச் சுற்றியுள்ள தசைக்குப் போய் "தளர்ந்துக்கோ"ன்னு சொல்லும். குழாய் விரியும். ஒரு வாயுவே உடம்புக்குள் தூது போகுதுன்னு கண்டுபிடிச்சதுக்குத்தான் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு.

கையில் பார்க்கும் பிபி 120 என்றால், நுரையீரல் குழாயில் 25 போலத்தான் இருக்கும். இதயத்தின் வலது பக்கம் அந்தக் குறைந்த அழுத்தத்துக்குப் பழகியது. சிலருக்கு உட்சுவர் கெட்டு, நைட்ரிக் ஆக்சைடு குறைந்து, குழாய் சுருங்கித் தடித்துப் போகும். ஓஸை மிதிச்சுக்கிட்டு மோட்டாரை ஓட்டினா என்ன ஆகும்? வலது இதயம் அப்படித்தான் திணறும். மூச்சு வாங்கும், கால் வீங்கும், மயக்கம் வரும்.

நைட்ரிக் ஆக்சைடு கிளப்பிவிடும் சமிக்ஞையை பிடிஇ-5 என்ற நொதி அழிக்கும். சில்டெனாஃபில் அந்த நொதியைத் தடுக்கும். இருக்கிற கொஞ்ச நைட்ரிக் ஆக்சைடும் கூடுதல் நேரம் வேலை செய்யும். அவ்வளவுதான். 1990களில் நெஞ்சுவலிக்காக ஆராயப்பட்ட மருந்து இது. 1998இல் ஆண்மைக் குறைவுக்கும், 2005இல் நுரையீரல் தமனி உயர் அழுத்தத்துக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இன்னொன்னு. பிறந்ததும் நுரையீரல் குழாய் விரியாம நீலம் பாயும் பச்சிளங்குழந்தைக்கு நைட்ரிக் ஆக்சைடு வாயுவையே சுவாசிக்கக் கொடுப்பாங்க. விலை அதிகம், எல்லா இடத்திலும் கிடைக்காது. அங்கே இதே சில்டெனாஃபில்தான் கொடுக்குறாங்க. ரெண்டு நாள் குழந்தைக்குக் கொடுக்கும் மருந்தைப் பார்த்து என்ன சிரிப்பு?

என் கருத்து இதுதான். தப்பு அந்தத் தம்பி மேல மட்டும் இல்லை. எழுதிக் கொடுக்கும் நாங்கதான் முதல் குற்றவாளி. "கடையில இப்படிச் சொல்வாங்க, நீங்க இப்படிப் பதில் சொல்லுங்க"ன்னு கணவரையும் உட்கார வெச்சுச் சொல்ல ரெண்டு நிமிஷம் போதும். அந்த ரெண்டு நிமிஷத்தை நாங்க கொடுக்கலை.

நீங்க கவனிக்க வேண்டியவை:

👉 காரணமில்லாத மூச்சுத்திணறல் வாரக்கணக்கில் நீடித்தால், ரத்த சோகைன்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. எக்கோ தேவையான்னு கேளுங்க.

👉 நுரையீரல் அழுத்தம் கூடிய எல்லாருக்கும் இந்த மாத்திரை இல்லை. வால்வு சுருக்கம், பிறவி ஓட்டை, ரத்தக்கட்டி, புகையால் கெட்ட நுரையீரல் என காரணத்துக்கு ஏற்பத்தான் வைத்தியம்.

👉 நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு இது சேரவே கூடாது. பிபி ஆபத்தான அளவுக்கு இறங்கும். அதனால நீங்களா வாங்கிப் போடாதீங்க.

👉 டாக்டரைக் கேட்காம நிறுத்தாதீங்க.

மெடிக்கல் ஷாப் தம்பிகளே, சீட்டில் பெண் பெயரோ குழந்தை பெயரோ இருந்தால், எத்தனை வேளைன்னு மட்டும் சொல்லிக் கொடுங்க.

அந்தச் சகோதரி இப்போ மாத்திரை சாப்பிடுறாங்க. வீக்கம் வடிஞ்சிருக்கு. முழுசா குணமாகும் நோய் இல்லை இது. ஆனால் இப்போ கடைக்குப் போய் அட்டையை வாங்கி வருவது அவங்க வீட்டுக்காரர்.