நகரம் நகரத்தைத் தின்றால் உங்களுக்கு என்ன கஷ்டம்?

டிஸ்கி: பிலிப் ரீவ் எழுதிய 'மார்ட்டல் எஞ்சின்ஸ்' நாவலின் கதையை முடிவு உட்பட இங்கே போட்டு உடைக்கப் போகிறேன். படிக்காதவர்கள் இப்போதே எஸ்கேப் ஆகிவிடலாம்.

இந்தப் புத்தகம் 2001-ல் வந்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலே தள்ளி, எதிர்காலத்தில் நடக்கிற கதை. 'அறுபது நிமிடப் போர்' என்று ஒன்று வந்து உலகம் நாசமாகிவிட்டது. பிழைத்தவர்கள் நகரங்களையே சக்கரத்தில் ஏற்றிவிட்டார்கள். பெரிய நகரம் சின்ன நகரத்தைத் துரத்திப் பிடித்து, பிரித்து மேய்ந்து, இரும்பையும் எரிபொருளையும் எடுத்துக்கொள்ளும். மனிதர்கள் அடித்தளத்து வேலைக்கு. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் முனிசிபல் டார்வினிசம். வற்றிப்போன வட கடலின் தரையில் லண்டன் மாநகரம் ஒரு சுரங்க ஊரை விரட்டிப் போவதில் கதை ஆரம்பிக்கிறது. இதற்கு மேல் ஒரு ஆரம்பம் வேண்டும் என்று கேட்பவரோடு எனக்குப் பேச்சே கிடையாது.

ஆனால் பேச வேண்டியிருக்கிறது. எங்கள் வகுப்பில் இந்தப் புத்தகம் ஒரு செமஸ்டர் முழுக்கக் கைமாறிச் சுற்றியது. படித்தவர்களில் பாதிப் பேர் ஆஹா ஓஹோ, மீதிப் பேர் உதட்டைப் பிதுக்கல். வெளியே வாசகர் கருத்துகளைப் புரட்டினாலும் இதே கதைதான். பிடிக்கவில்லை என்பது தப்பில்லை. பிடிக்காததற்குச் சொல்கிற காரணங்கள் இருக்கிறதே, அவற்றோடுதான் என் சண்டை.

முதல் காரணம், 'இது உண்மையான ஸ்டீம்பங்க் இல்லை'. விக்டோரியா ராணி காலம் இல்லையாம், எதிர்காலமாம். கே.டபிள்யூ. ஜீட்டர் 1987-ல் லோகஸ் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், தானும் டிம் பவர்ஸும் ஜேம்ஸ் பிளேலாக்கும் எழுதுகிற வகைக்கு அரை விளையாட்டாக வைத்த பெயர் அது. விளையாட்டுக்கு வைத்த பெயருக்கு நம்ம ஆட்கள் இலக்கணம் எழுதி, அதில் ஃபெயில் மார்க்கும் போடுகிறார்கள். அடுத்தது.

இரண்டாவது காரணம், நம்ம மெக்கானிக்கல் மக்களுடையது. 'இவ்வளவு எடையைச் சக்கரம் தாங்காது. நீளத்தை இரட்டிப்பாக்கினால் எடை எட்டு மடங்கு ஏறும், தாங்குகிற பரப்பு நாலு மடங்குதான் ஏறும். மண்ணில் புதைந்துவிடும்.' கணக்கு சரிதான். ரீவே அதை மறுக்கமாட்டார். ஏழு அடுக்கு லண்டன், உச்சியில் செயின்ட் பால்ஸ் தேவாலயம், அடியில் குடல் என்றே பெயர் வைத்த பட்டறை. இதை வரைபடமாகப் படித்தால் எப்படி?

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஜெர்மனியில் பேகர் 288 என்று நிலக்கரி தோண்டும் யந்திரம் இருக்கிறது. 1978-ல் கட்டியது, எடை சுமார் 13,500 டன். மார்ட்டல் எஞ்சின்ஸ் வெளிவந்த அதே 2001-ல் அதை ஹம்பாக் சுரங்கத்திலிருந்து கார்ட்ஸ்வைலர் சுரங்கத்துக்கு அதன் சொந்தப் பட்டைச் சக்கரங்களிலேயே ஓட்டிப் போனார்கள். 22 கிலோமீட்டர், மூன்று வாரம். போய்ச் சேர்ந்த இடத்தில் அது மாதிரி யந்திரங்களுக்கு வேலை என்ன தெரியுமா? ஊர்கள் இருந்த நிலத்தைத் தின்பது. அந்தச் சுரங்கம் விரிய விரியக் கிராமங்களைக் காலி செய்து இடித்துக்கொண்டே வந்தார்கள். இம்மராத் என்ற ஊரின் இரட்டைக் கோபுர தேவாலயத்தை 2018 ஜனவரியில் இடித்துத் தள்ளினார்கள். 2023 ஜனவரியில் லூட்சராத் என்ற குக்கிராமத்தில் உட்கார்ந்து போராடியவர்களை போலீஸ் தூக்கி அப்புறப்படுத்தியது. எல்லாம் சட்டப்படி, நஷ்டஈட்டோடு, பக்கத்திலேயே புது ஊர் கட்டிக் கொடுத்து. ரீவின் லண்டன் அந்த மரியாதைகளை விட்டுவிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஊரைத் தின்கிற யந்திரம் நம்பும்படி இல்லை என்கிறவர், வேகத்தைத்தான் நம்பவில்லை என்று சொல்லட்டும். ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. முனிசிபல் டார்வினிசம் என்ற பெயரையே ஜோக்காக எடுத்துக்கொண்டு தாண்டிப் போகிறார்கள். 'வலுத்தது வாழும்' என்று நாம் சுருக்கிச் சொல்கிற வாசகத்தை உருவாக்கியது டார்வின் இல்லை, 1864-ல் ஹெர்பர்ட் ஸ்பென்சர். டார்வின் அதைத் தன் புத்தகத்தின் 1869 பதிப்பில்தான் சேர்த்துக்கொண்டார். அதை மனிதர்கள் மேல் பொருத்தி, ஜெயித்தவன் ஜெயித்தது இயற்கை நியதி என்று சொல்லிக்கொள்ள வசதியாகிவிட்டது. நாவலில் லண்டன்காரர்கள் செய்வது அதேதான். சின்ன ஊர் மாட்டுகிறபோது மேல்தளத்தில் நின்று கைதட்டுகிறார்கள். டாம் நாட்ஸ்வொர்தியும் தட்டுகிறான். அவன் கெட்டவன் இல்லை, பதினைந்து வயது அனாதைப் பையன், அருங்காட்சியகத்தில் எடுபிடி. தன் ஊர் மேல் பாசம், அவ்வளவே. அந்தப் பாசத்தை ரீவ் கேலி செய்யவில்லை. கீழே தூக்கிப் போட்டுச் சேற்றில் நடக்க வைத்து, தின்னப்படுகிற பக்கத்திலிருந்து பார்க்க வைக்கிறார். டாம் 'அசமந்தம், லேட்டாகத்தான் புரிந்துகொள்கிறான்' என்று திட்டுகிறவர்களே, சொந்த ஊர் விஷயத்தில் நீங்கள் எவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டீர்கள்?

மூன்றாவது காரணம்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வரவழைத்தது. ஹெஸ்டர் ஷா. 'நாயகியைப் பிடிக்கவில்லை.' ஏன்? 'கோபக்காரி, சிடுசிடு, பழிவாங்கவே அலைகிறாள்.' அவள் கதை இது: குழந்தையாக இருந்தபோது தாடியஸ் வாலண்டைன் அவள் அம்மாவைக் கொன்று, அவள் முகத்திலும் வாளை இறக்கினான். நெற்றியிலிருந்து தாடை வரை வெட்டு. ஒரு கண் இல்லை. மூக்கு சிதைந்துபோயிற்று. வாய் ஒரு பக்கம் கோணி நிற்கிறது. அவளை வளர்த்தது ஷ்ரைக் என்ற பாதிப் பிணம், பாதி யந்திரம். இந்தப் பெண் சிரித்த முகமாக இல்லையாம்! வாலண்டைனையோ, அதே வாசகர்கள் 'கம்பீரமான வில்லன், மனசாட்சி உள்ளவன்' என்று ரசிக்கிறார்கள். வெட்டினவனுக்கு சிக்கலான பாத்திரம் என்று பட்டம், வெட்டுப்பட்டவளுக்கு மூஞ்சி சரியில்லை என்று குறை. அடப்பாவிகளா.

சாகச நாவல்களில் தழும்பு வில்லனுக்கு, அல்லது நாயகனின் புருவத்தில் ஸ்டைலாக ஒரு கோடு. கதாநாயகிக்கு இருந்தால் கடைசி அத்தியாயத்தில் மறைந்துவிடும், இல்லை 'உண்மையில் அவள் அழகிதான்' என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ரீவ் இரண்டையும் செய்யவில்லை. அவள் அசிங்கமாகவே இருக்கிறாள், அப்படியே காதலிக்கப்படுகிறாள். தழும்போடு கண்ணாடி முன் நின்று பழகிய ஒரு பெண் இதைப் படித்தால் என்ன நினைப்பாள் என்று யோசித்துவிட்டு, பிறகு 'ரிலேட் பண்ண முடியவில்லை' என்று சொல்லுங்கள்.

நான்காவது, 'கடைசியில் இத்தனை சாவு எதற்கு? சிறுவர் புத்தகம்தானே?' பெவிஸ் சாகிறான். அப்பாவின் வாளுக்கும் ஹெஸ்டருக்கும் நடுவே புகுந்து காதரின் சாகிறாள். மெடூஸா ஆயுதம் கோளாறாகி லண்டனே எரிகிறது. ஆமாம், வலிக்கிறது. ஊரைத் தின்கிற ஊரின் கதையில் எல்லாரும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தால் அது பொய்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் குறைகளில் பாதியைத் தீர்த்து வைத்த ஒரு வடிவம் வந்தேவிட்டது. 2018 டிசம்பரில் பீட்டர் ஜாக்சன் தயாரிக்க, கிறிஸ்டியன் ரிவர்ஸ் இயக்கிய படம். ஹெஸ்டருக்கு இரண்டு கண்ணும் மூக்கும் பத்திரம், தாடைப் பக்கம் ஒரு தழும்பு. காதரின் உயிரோடு இருக்கிறாள். லண்டன் அழியவில்லை, நிற்கிறது. மக்கள் இறங்கி நடந்து போக, எந்த மதிலை உடைக்க வந்தார்களோ அந்த ஷான் குவோ மக்களே கைகூப்பாத குறையாக வரவேற்கிறார்கள். சுமார் 10 கோடி டாலர் செலவு, உலகம் முழுக்க வசூல் அதைவிடக் குறைவு. படம் ஊத்திக்கொண்டதற்கு விளம்பரம், போட்டிப் படங்கள் என்று நூறு காரணம் இருக்கும், முகத்தை மாற்றியதால்தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் கேட்டதையெல்லாம் கொடுத்த படத்தைக் குறை சொன்னவர்களே போய்ப் பார்க்கவில்லையே, அதுதான் கேள்வி. (நாவலில் மிக்கியும் புளூட்டோவும் பழைய அமெரிக்காவின் மிருகத்தலைக் கடவுள்களாக அருங்காட்சியகத்தில் இருப்பார்கள். படத்தில் அந்த இடத்தில் மினியன்கள். ஹ்ம்ம்.)

புத்தகத்தில் ஓட்டையே இல்லை என்று ஜல்லியடிக்க மாட்டேன். மேயர் மேக்னஸ் க்ரோம் வெறும் அட்டை வில்லன். நகராத ஆசியாவை மலை, மதில், மடாலயம் என்று தூரத்திலிருந்து அழகாகக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார், அங்கே வாழ்கிறவர்கள் யாரும் நமக்கு நெருக்கமாகத் தெரிவதில்லை. இதை யாராவது குறையாகச் சொன்னால் பக்கத்தில் நின்று கைதட்டுவேன். யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் அவள் மூக்குதான் பிரச்சினை.

புகழ்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 'ஏர்ஷிப் சூப்பர், ஷ்ரைக் செம' என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். அப்படிப் படித்தால் மேல்தளத்தில் நின்று கைதட்டிய டாம்தான் நீங்கள்.

இரண்டாம் பாகம் 'ப்ரடேட்டர்ஸ் கோல்ட்' 2003-ல் வந்தது. அதில் ஹெஸ்டர் பொறாமையில் ஆங்கரேஜ் என்ற ஊரையே வேட்டை நகரமான ஆர்க்காங்கலுக்குக் காட்டிக் கொடுக்கிறாள். முதல் பாகத்திலேயே அவளைப் பிடிக்காதவர்கள் அதையும் படித்துவிட்டு வாருங்கள். நிஜமாகவே திட்டுவதற்கு விஷயம் கிடைக்கும். அப்போது உட்கார்ந்து சண்டை போடலாம். டீ செலவு என்னுடையது.