தண்ணீருக்கு முன்னால் சேதி வரட்டும்

தஞ்சாவூர் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

திருவையாற்றிலிருந்து எழுதுகிறேன். கேட்க நினைப்பது ஒன்றுதான். கொள்ளிடத்திலும் காவிரியிலும் தண்ணீரைக் கூட்டித் திறக்கும்போது, அந்தச் சேதி கரையோரம் இருக்கும் ஒவ்வொருவர் கைபேசியிலும் தமிழில், காதால் கேட்கும்படி வர வேண்டும். பட்டன் போன் வைத்திருப்பவருக்கும் வர வேண்டும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் வர வேண்டும், வெளியூரிலிருந்து வந்து படித்துறையில் முழுக்குப் போடுபவருக்கும் வர வேண்டும்.

எங்கள் ஊருக்குத் தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம் என்பதை நீங்கள் அறிவீர்கள். மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டுவிட்டால் உபரித் தண்ணீரில் பெரும்பங்கு முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திரும்புகிறது. 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து இரண்டு லட்சம் கன அடி அளவுக்கு வெளியேறியது. அந்த மாதம் 22ஆம் தேதி இரவு முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அத்தனை பெரிய ஆறு, ஆண்டில் பாதி நாள் வெறும் மணலாகக் கிடக்கும். படுகையில் வாழை, பூச்செடி, மாட்டுக்குப் புல். மணல்திட்டு வரை ஆடு மாடு ஓட்டிப் போகிறவர்களுக்கு மேலே மதகு தூக்கினது தெரியாது. வானம் வெளுத்துக் கிடக்கும்போது வெள்ளம் வருமென்று யாருக்குத் தோன்றும்? நமக்குப் பெய்யாத மழை குடகிலும் வயநாட்டிலும் பெய்து இங்கே ஆறாக வருகிறது.

ஆனால் அவகாசம் இருக்கிறது, அதுதான் என் ஆதங்கம். மேட்டூரிலிருந்து முக்கொம்பு 177 கிலோமீட்டர். ஜூன் 12இல் திறக்கும் பாசனத் தண்ணீர் கல்லணையை எட்ட மூன்று நாளாவது பிடிக்கிறது. வெள்ளக் காலத்தில் அதைவிட வேகமாக வந்தாலும், எச்சரிக்கை சொல்லப் பல மணி நேரம் கையில் இருக்கும். அந்த நேரத்தில் இப்போது என்ன நடக்கிறது? செய்திக்குறிப்பு வருகிறது, வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சொல்கிறார்கள். 2022இல் தலைமைச் செயலாளர் கேட்டுக்கொண்டபடி தண்டோரா போடுவது நின்றது நல்ல காரியம். ஒரு மனிதரைப் பறையோடு தெருவில் நிறுத்தும் இழிவு போனது. அந்த இடத்துக்கு வந்த ஆட்டோ, கப்பி ரோடு முடிகிற இடத்தோடு நின்றுவிடுகிறது. ஆபத்து அதற்கு அப்பால், படுகைக்குள் இருக்கிறது.

செல் ஒலிபரப்பு என்ற முறை இதற்கென்றே ஏற்பட்டது. குறுஞ்செய்தி என்றால் ஒவ்வொரு எண்ணாகப் போக வேண்டும். ஒரே நேரத்தில் லட்சம் பேருக்கு அனுப்பினால் வரிசையில் தேங்கும். செல் ஒலிபரப்பில் கோபுரம் ஒருமுறை சொன்னால், அதன் எல்லைக்குள் அந்த வசதியுள்ள அத்தனை கைபேசியும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொள்ளும். எண் தேவையில்லை, பட்டியல் தேவையில்லை, இணையம் தேவையில்லை. 2023இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் தொலைத்தொடர்புத் துறையும் நாடெங்கும் இதைச் சோதித்துப் பார்த்தன. நாம் யாரும் எதிர்பாராத நேரத்தில் கைபேசிகள் அலறினவே, அதுதான். சி-டாட் நிறுவனம் உருவாக்கிய உள்நாட்டுக் கருவி. எந்தெந்தக் கோபுரத்துக்கு என்று பகுதி குறித்து அனுப்பலாம் என்பதால், கொள்ளிடக் கரைக்கு மட்டும் சொல்லிவிட்டு ஒரத்தநாட்டுக்காரரைத் தூங்கவிடலாம்.

எண் தேவையில்லை என்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஆடி மாதமே சாட்சி. 2024இல் ஜூலை 30 அன்று மேட்டூர் நிரம்பியது. ஆகஸ்ட் 3 ஆடிப்பெருக்கு. மறுநாளே ஆடி அமாவாசை. புஷ்ய மண்டபப் படித்துறையில் அந்த நாட்களில் நிற்கிற கூட்டத்தில் உள்ளூர்க்காரர் எத்தனை பேர்? புதுத்தாலி மாற்ற வந்த பெண்கள், தர்ப்பணம் கொடுக்க வந்தவர்கள், குழந்தைகள். இவர்களின் எண் எந்த ஊராட்சிப் பட்டியலிலும் இராது. அவர்கள் பையிலிருக்கும் கைபேசியோ எங்கள் ஊர்க் கோபுரத்தோடுதான் பேசிக்கொண்டிருக்கும்.

பழைய பட்டன் போன்கள் பலவற்றில் இந்த ஒலிபரப்பு கேட்காமல் போகலாம். ஆகவே பதிவு செய்த குரல் அழைப்பும் கூடவே வேண்டும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்களிடம் இருப்பது பெரும்பாலும் அந்தப் போன்தான். வீட்டில் ஒரு ஸ்மார்ட்போன் இருந்தால் அது திருப்பூருக்கு வேலைக்குப் போன பையனோடு போய்விடுகிறது. எண்களுக்கு எங்கே போவது என்று அதிகாரிகள் கேட்கக்கூடும். பி.எம். கிசான் பட்டியலை எடுத்தால் பட்டா வைத்திருப்பவர் மட்டும்தான் இருப்பார். குத்தகைக்காரரும் கூலிக்காரரும் விட்டுப்போவார்கள். ஆனால் ரேஷன் கடையில் சர்க்கரை வாங்கினால் குறுஞ்செய்தி வருகிறதே, அந்த எண்கள் அரசிடம்தானே இருக்கின்றன? கரையோரக் கிராமங்களின் குடும்ப அட்டை எண்களை வெள்ள எச்சரிக்கைக்கு மட்டும், வேறு எதற்கும் தொடக்கூடாது என்ற கண்டிப்போடு, பயன்படுத்த உத்தரவிடுங்கள்.

குரல் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. இந்த டெல்டா காற்றில் வந்த குரலைக் கேட்டுத் தன் விவசாயத்தையே மாற்றிக்கொண்ட பூமி. 1960களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 ரகத்தைத் திருச்சி வானொலி நிலையத்தின் பண்ணை நிகழ்ச்சிகள் ஊர் ஊராகக் கொண்டுபோயின. ஜனங்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். விதைக்கும் பாட்டுக்கும் ஒரே அலைவரிசை. எங்கள் ஊர்த் தியாகராஜ ஆராதனையின் பஞ்சரத்னக் கீர்த்தனைகளை உலகம் கேட்டதும் அப்படித்தான். எங்கள் ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. இஸ்ரோவும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செயற்கைக்கோள் இணைப்போடு தொடங்கிய கிராம வள மையங்களைப் பிரதமர் மன்மோகன் சிங் 2004 அக்டோபர் 18 அன்று தொடங்கிவைத்தார். தங்கச்சிமடம், செம்பட்டியோடு திருவையாறும் அந்த முதல் வரிசையில் இருந்தது. அகலக்கற்றை என்ற பேச்சே கிராமத்தில் இல்லாத காலத்தில், உழவர் நிபுணரிடம் முகம் பார்த்துப் பேச வழி செய்த ஏற்பாடு அது.

அதே ஆண்டு டிசம்பர் 26 காலையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியை ஒட்டிய நல்லவாடு மீனவக் கிராமத்துக்குச் சிங்கப்பூரில் வேலையிலிருந்த அவ்வூர்க்காரர் ஒருவர், தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துப் போன் செய்தார். கிராமத்தில் இருந்தவர்கள் ஊர் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் எல்லாரையும் ஓடச் சொன்னார்கள். ஊரே பிழைத்தது. ஒரு தொலைபேசி, ஒரு ஒலிபெருக்கி, தாய்மொழியில் இரண்டு வாக்கியம், அவ்வளவுதான். இன்றைக்கு டி.என்.அலர்ட் போன்ற செயலிகள் வந்திருக்கின்றன; நல்லவைதான். ஆனால் செயலி, தேடி வருகிறவருக்குத்தான் சொல்லும்.

கோபுரத்துக்கு உயிர் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்த பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மின்கம்பங்கள் சாய்ந்தன. பேட்டரி தீர்ந்து, டீசல் கொண்டுபோகச் சாலையும் இல்லாமல் கோபுரங்கள் ஊமையாகின. சொந்தங்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றறிய நாள்கணக்கில் தவித்தவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். எந்த நிறுவனத்தின் கோபுரம் வேலை செய்கிறதோ அதையே எல்லாச் சந்தாதாரர்களும் பயன்படுத்த அனுமதிக்கும் ஏற்பாடு பேரிடர் நேரங்களுக்கென்று இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறுவதும், கடற்கரை வட்டங்களில் எந்தெந்தக் கோபுரத்தில் எத்தனை மணி நேரத்துக்கு டீசல் இருப்பு என்று மழைக்கு முன்பே கணக்கெடுப்பதும் உங்கள் அலுவலகத்தால் முடியும்.

2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் நீங்கள்தான். நீர்வளத் துறைப் பொறியாளர் மதகு தூக்க ஒப்புதல் பெறும் அந்த நிமிடமே, மாநில அவசரகாலச் செயல்பாட்டு மையம் வழியாகக் கோபுரங்களுக்குச் சேதி போகும்படி ஒரு நிலையான நடைமுறை எழுதிக் கையெழுத்திடுங்கள். சேதியில் ‘கன அடி’ மட்டும் இருந்தால் மாடு மேய்ப்பவருக்குப் புரியாது. எந்த ஊர்ப் படுகைக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், எந்தக் கரையில் ஏற வேண்டும் என்று இருக்கட்டும். அதைப் பேசுகிற குரல் நம் பக்கத்துப் பேச்சாக இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குச் செல்போன் நிறுவனங்களின் பொறியாளர்களையும் அழையுங்கள். விளாங்குடிப் பாலத்தின் இரு கரையிலும் படுகைக்குள் எங்கே சிக்னல் விட்டுப்போகிறது என்பதை, அங்கே மாடு ஓட்டுகிறவர்கள் இடம் காட்டிச் சொல்வார்கள். மேட்டூர் அடுத்த முறை நிரம்புவதற்குள் ஒரு சோதனை அழைப்பாவது அவர்கள் காதில் விழ வேண்டும்.

இப்படிக்கு,
திருவையாற்றுச் சாகுபடிக்காரர் ஒருவர்