“சும்மா துளை போட்டுப் பாக்கிறம்”

தோழர்களே, “சுரங்கம் இல்லை, நிலக்கரி இருக்கோ எண்டு பாக்கிறம்” என்ற கதையை இனியும் கேட்டுக்கொண்டிருக்க ஏலாது.

ஆய்வுத் துளைக்கும் பொறி நிக்கக் காடு வெட்டவேணும், லொறி போகப் பாதை திறக்கவேணும். மேல்மண்ணைத் தனியாகக் குவிச்சு வைக்காட்டி அங்க பிறகு லேசில ஒண்டும் முளைக்காது. துளையைச் சீமெந்தால் ஒழுங்கா அடைக்காட்டி நிலத்தடி நீர் அடுக்குகள் கலக்கும். குயின்ஸ்லாந்தில் டூங்மாபுல்லா ஊற்றுகளுக்காகப் போராடும் வாங்கான், ஜகலிங்கு மக்களிட்டக் கேளுங்கோ, தண்ணி சின்ன விசயமோ எண்டு.

எவ்வளவு நிலம் குலைஞ்சது எண்டு கணக்குக் குடுக்கிறதும் நிறுவனம்தான். அங்க கார்மைக்கேல் சுரங்கத்தில் 2017-18க்கு அதானி குடுத்த கணக்கு: பூச்சியம். உண்மையில் வெட்டினது 5.8 ஹெக்டேர். 2020இல் தண்டம் 20,000 டொலர். குலையாத நிலத்தை ஆர் திருத்துவினம்?

நாங்களோ சுரங்கம் திறக்கேக்கதான் பதாகை தூக்கிறம். தமிழ்நாட்டில், 2023இல், வடசேரி உட்பட மூன்று பழுப்பு நிலக்கரித் தொகுதிகளுக்கு ஏலக் கட்டத்திலேயே எதிர்ப்பு எழும்பிச்சு. மூன்றும் பட்டியலில இருந்து நீக்கப்பட்டன. பொறி வர முதலே திருத்தும் திட்டத்தையும் வைப்புப் பணத்தையும் கேப்பம். மண் திரும்பிச்சோ எண்டு அந்த மண்ணின்ர சனம் பாத்துச் சொல்லட்டும்.