கம்ப்யூட்டருக்கு மேரக்காய் தெரியுமா?

1969-ல் அமெரிக்காவில், சமையல் குறிப்புகளைச் சேர்த்துவைக்க என்று ஹனிவெல் கம்ப்யூட்டர் ஒன்று விற்பனைக்கு வந்தது. விலை 10,600 டாலர்! இயக்குவதற்கு 2 வாரப் பயிற்சி வேறு. ஒன்றாவது விற்றதாகத் தகவல் இல்லை.

இன்று அந்த வேலையைச் செல்போனே செய்கிறது. தாண்டிக்குடி வீடுகளிலும் செய்யலாம்.

ஆனால் ஒரு சிக்கல். அந்த மலையில் விளையும் சவ்சவ்வுக்கு மேரக்காய், பெங்களூர் கத்தரிக்காய் என்றும் பெயர் உண்டு. பாட்டி ஒரு பெயர் சொல்வார். பேத்தி வேறு பெயரில் தேடுவாள். கம்ப்யூட்டர் எழுத்தைத்தான் பார்க்கும், காயைப் பார்க்காது. "இல்லை" என்று கையை விரித்துவிடும்! எல்லாப் பெயர்களையும் சேர்த்தே எழுதவேண்டும்.

"ஒரு கைப்பிடி மிளகு" என்பதும் அப்படித்தான். யாருடைய கை? பாட்டி இருக்கும்போதே, அவர் அள்ளிய மிளகைத் தராசில் நிறுத்து, கிராம் கணக்கையும் பதிந்துவிட வேண்டும்.