புகை வந்ததும் எஞ்சினைப் பழிக்கலாமா?



பழைய மகிழுந்து வைத்திருப்போருக்குப் பழகிப்போன காட்சி இது. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் முடுக்கியதும் புகைக்குழாயிலிருந்து நீலப்புகை குப்பென்று கிளம்பும். சற்று நேரத்தில் அடங்கிவிடும். பட்டறைக்குக் கொண்டுசென்றாலோ, "எஞ்சின் முடிந்துவிட்டது, ஓவர்ஹால் செய்யுங்கள், இல்லையேல் விற்றுவிடுங்கள்" என்று தீர்ப்பு வரும். என் பழைய புரோட்டோன் சாகா இஸ்வராவுக்கும் அத்தீர்ப்பே கிடைத்தது. மூடியைக்கூடத் திறந்து பாராமல் வழங்கப்பட்ட தீர்ப்பு!

சோதிக்காமல் தீர்ப்புச் சொல்வது முறையன்று என்பதே என் கருத்து.

எஞ்சினின் ஒவ்வொரு வால்வுத் தண்டிலும் விரல்நுனி அளவேயுள்ள ரப்பர் உறை ஒன்று உண்டு. பட்டறைகளில் அதனை 'வால்வு சீல்' என்பர். மேலே தெறிக்கும் எண்ணெய் எரியறைக்குள் இறங்காமல் காப்பது அதன் பணி. ஆண்டுக்கணக்கில் சூடுபட்டு ரப்பர் இறுகிவிட்டால், நிற்கும் வண்டியில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கித் தங்கும். காலையில் எரிந்து புகையாவது அதுதான். கேமரன் மலையிலிருந்து தாப்பா நோக்கி இறங்கும்போது நெடுநேரம் முடுக்கியில் கால் வைக்காமல் வந்து, பிறகு அழுத்தினாலும் அதே நீலப்புகை எழும். இறக்கத்தில் எஞ்சினுக்குள் உண்டாகும் வெற்றிழுப்பு எண்ணெயை உறிஞ்சிவிடுவதே காரணம்.

பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் நிலைமை வேறு. வண்டி பாரம் இழுக்கும்போதெல்லாம் புகை தொடரும், இழுவையும் குறையும். ஐயமிருப்பின் ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளந்து பார்க்கலாம். அளவு குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கும்போது அளவு நன்கு உயர்ந்தால், குற்றம் வளையங்களுடையது. என் வண்டியில் நான்கு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டின. ஆகவே, உறைகளை மட்டும் வீட்டிலேயே மாற்றத் துணிந்தேன்.

துணைக்கு வந்தவர் என் முன்னாள் மாணவர். இன்று பட்டறையொன்றில் பணிபுரிகிறார். வால்வு மூடியைக் கழற்றியதும் நான் ஆவலோடு கருவியை எடுத்தேன். "ஐயா, அவசரப்படாதீங்க. முதல்ல எண்ணெய் இறங்குற ஓட்டையெல்லாம் துணியால அடைங்க" என்றார். வால்வைப் பூட்டும் சிறு துண்டுகள் அவ்வோட்டையில் விழுந்தால் எஞ்சினின் அடிவரை தேடவேண்டியிருக்குமாம்!

ராக்கர் தண்டின் திருகாணிகளைச் சிறிது சிறிதாக, சமமாகத் தளர்த்தி எடுத்தோம். பிளக் துளைவழியே தூய நைலான் கயிற்றைச் செலுத்தி, அதன் நுனியை வெளியே விட்டு, பிஸ்டன் அக்கயிற்றை மேல்நோக்கி அழுத்தும்வரை எஞ்சினைக் கையால் சுழற்றினோம். கயிறு தாங்கிக்கொள்வதால் வால்வு உள்ளே விழுவதில்லை. எஞ்சின் தலையைக் கழற்றவும் தேவையில்லை. பின்னர் ஸ்பிரிங்கை அமுக்கிப் பூட்டுத் துண்டுகளைக் காந்தத்தால் எடுத்து, பழைய உறையை உருவினோம். அது கல்லாய் இறுகியிருந்தது. புதிய உறையில் எண்ணெய் தடவி, தண்டின் விளிம்பு கிழிக்காதபடி பிளாஸ்டிக் குழலின் மேலாக நேராக இறக்கினோம். 12 வால்வுகளுக்கும் இதே வேலை. இறுதியில் வால்வு இடைவெளியைக் கையேட்டில் கண்டபடி சரிசெய்தோம். சனி, ஞாயிறு இரு நாள்களும் கழிந்தன. உறைகளுக்கான செலவோ சில பத்து ரிங்கிட்தான். இப்போது காலைப்புகை இல்லை.

இஃது எல்லா நோய்க்கும் மருந்தன்று. வால்வு அசையும் வழிகாட்டிக் குழலே தேய்ந்திருந்தால் புதிய உறையும் விரைவில் கெடும். அப்போது எஞ்சின் தலையைக் கழற்றித்தான் ஆகவேண்டும். வளையம் தேய்ந்த வண்டிக்கு இதனால் பயனில்லை. புகையைப் பொருட்படுத்தாமல் ஓட்டுவதும் தவறே. அது காற்றையும் கெடுக்கும், பிளக்கையும் பாழாக்கும்.

15 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்குக் கட்டாயச் சோதனை என்று 2009-ஆம் ஆண்டு இறுதியில் அரசு அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் மீட்டுக்கொண்டதைப் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். பழைய வண்டியை நம்பி வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! அவர்களிடம் சோதித்துப் பாராமல் "ஓவர்ஹால்" என்று சொல்வது, ஒரு மாத வருமானத்தையே கேட்பதற்கு ஒப்பாகும். ஆகவே, "கம்ப்ரஷன் அளந்தீர்களா?" என்று கேளுங்கள். அக்கேள்வி உங்கள் உரிமை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த மாணவர் ஆறாம் ஆண்டில் பயின்றபோது, "இவன் தேறமாட்டான்" என்று ஆசிரியர் அறையில் சொன்னவர்களுள் நானும் ஒருவன். அன்று அவரை எதைக்கொண்டு அளந்தேன்? தேர்வுத்தாள் ஒன்றைக்கொண்டு மட்டுமே. மூடியைத் திறந்து பாராத பட்டறைக்காரரைக் கடிந்துகொள்ளும்போதெல்லாம் எனக்கு அந்த ஆசிரியர் அறை நினைவுக்கு வருகிறது.