எல்.கே.ஜி.க்கு என்ன அவசரம்?

அறுபது வயதைத் தாண்டிய தமிழ்நாட்டுக்காரர்கள் நாலு பேரிடம் சர்டிபிகேட்டில் இருக்கும் பிறந்த தேதியைக் கேட்டுப் பாருங்கள். மே மாதமோ ஜூன் தொடக்கமோ அடிக்கடி வரும். ஊரில் எல்லாரும் கோடையில்தான் பிறந்தார்கள் என்று அர்த்தமில்லை :-) ஹெட்மாஸ்டர் செய்த வேலை அது. பையனைக் கொண்டுபோய் எதிரில் நிறுத்தினால், வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஒண்ணாம் வகுப்பு. எட்டவில்லையென்றால் "அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க". தொட்டவனுக்கு, பள்ளிக்கூடம் திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருக்கிற மாதிரி ஒரு தேதியை அவரே எழுதிக்கொள்வார்.

இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்தப் பரீட்சையில் கொஞ்சம் விஷயம் இருந்தது. சின்னக் குழந்தைக்கு உடம்போடு பார்த்தால் தலை பெரிசு, கை குட்டை. ஆறு வயது வாக்கில்தான் கை அந்தப் பக்கத்துக் காதை எட்டும். நெட்டையான பிள்ளை சீக்கிரம் தொட்டுவிடும், குட்டையான பிள்ளை பாவம் காத்திருக்கும், அதெல்லாம் உண்மைதான். இருந்தாலும் அங்கே முதலில் பிள்ளையைப் பார்த்தார்கள், பிறகு பேப்பரை எழுதினார்கள்.

இப்போது தலைகீழ். தமிழ்நாட்டில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களில் எல்.கே.ஜி.க்கு விண்ணப்பிக்க, ஜூலை 31 அன்று மூன்று வயது முடிந்திருக்க வேண்டும். மற்ற இடங்களுக்கும் பல தனியார் பள்ளிகள் ஏறக்குறைய இதே கணக்கைத்தான் வைத்திருக்கின்றன. பள்ளி திறப்பதோ ஜூனில். அதாவது ஜூலைக் கடைசியில் பிறந்த குழந்தை வகுப்புக்குள் நுழையும்போது அதற்கு வயது இரண்டு வருடம் பத்து மாதம். பக்கத்துச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருப்பது முந்தின ஆகஸ்டில் பிறந்த குழந்தையாக இருக்கலாம். இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம். நாற்பது வயதில் ஒரு வருடம் ஒன்றுமே இல்லை. மூன்று வயதில் அது வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு! இரண்டுக்கும் ஒரே மிஸ், ஒரே நோட்டு, ஒரே ஹோம்வொர்க்.

சின்னதாகப் போய்ச் சேர்ந்த குழந்தையை "மந்தம்", "வாலு", "ஒரு இடத்துல உக்கார மாட்டேங்குது" என்று சொல்லிவிடுவது ரொம்பச் சுலபம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் பள்ளிக் கணக்கு டிசம்பர் 31-இல் வெட்டப்படுகிறது. அங்கே 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு கவனக்குறைவு–துறுதுறுப்புக் கோளாறு (ஏ.டி.ஹெச்.டி.) என்று டாக்டர்கள் முத்திரை குத்துவது, ஜனவரியில் பிறந்த பையன்களைவிட 30 சதவீதம் அதிகமாக இருந்தது. பிறந்த மாதத்தைப் பார்த்து நோய் வருமா என்ன? வகுப்பில் சின்னவனாக இருந்ததுதான் அவன் செய்த குற்றம்.

எழுத்து விஷயத்துக்கு வருவோம். மணிக்கட்டில் மொத்தம் எட்டு எலும்புகள். மூன்று வயதுக் குழந்தையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் அதில் இரண்டு மூன்றுதான் தெரியும். மீதி இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும், எல்லாம் எலும்பாகப் பத்து வயது வரை ஆகும். அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்து நாலு கோடு நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதி வா என்கிறார்கள். விஜயதசமிக்குத் தாத்தா மடியில் உட்கார்ந்து, தட்டில் பரப்பிய அரிசியில் விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கும் பழக்கம் இதைவிட எவ்வளவோ தேவலை. ஒரே ஒரு எழுத்து, அதுவும் விரலால், முடிந்ததும் பாயசம்!

அப்படியென்றால் தயாரா இல்லையா என்று எதை வைத்துப் பார்ப்பது? ஏ முதல் இசட் வரை ஒப்பிப்பதை வைத்து இல்லை. அதை டிவி பார்த்தே இரண்டு வயதில் ஒப்பித்துவிடும். பாத்ரூம் வந்தால் சொல்லத் தெரிகிறதா, டிபன் பாக்ஸைத் திறந்து பாதியாவது தானாகச் சாப்பிடுகிறதா, அம்மாவின் முகம் தெரியாமல் இரண்டு மூன்று மணி நேரம் இருக்குமா, வேற்று மனிதர் சொல்வதைப் புரிந்துகொள்கிறதா என்று பார்த்தால் போதும். முதல் வாரத்து அழுகையைக் கணக்கில் எடுக்க வேண்டாம், எந்தக் குழந்தையும் அழும். மூன்று நான்கு வாரம் கழித்தும் சாப்பாடு இறங்கவில்லை, நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பு திரும்ப வந்துவிட்டது என்றால்தான் யோசிக்க வேண்டும்.

இதில் பலரும் மறந்துவிடுகிற ஒன்று மொழி. "ஒண்ணுக்கு வருது" என்று வீட்டில் தெளிவாகச் சொல்கிற குழந்தை, வகுப்பில் அதையே இங்கிலீஷில் கேட்டால்தான் அனுப்புவோம் என்றால் என்ன செய்யும்? உடையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சாயங்காலம் டைரியில் 'டாய்லெட் பழக்கம் சரியில்லை' என்று குறிப்பு வரும். தமிழில் தயாராக இருக்கும் பிள்ளை இங்கிலீஷில் தயாராக இல்லை, அவ்வளவுதான். தயாராக வேண்டியது யார் என்பதைப் பள்ளிக்கூடமும் கொஞ்சம் யோசிக்கலாம்.

"ஒரு வருஷம் வீணாப் போயிடுமே!" இதுதான் எல்லா வீட்டிலும் வரும் கடைசி வாதம். ஜூலைக் குழந்தையை இந்த வருடமே சேர்த்தால் ப்ளஸ் டூ பரீட்சையைப் பதினாறு வயதில் எழுதும். மிச்சமாகும் அந்த ஒரு வருடம் கைக்கு வருவது எப்போது? டிகிரி முடித்து, இருபத்திரண்டுக்குப் பதில் இருபத்தொன்றில் வேலைக்குப் போகும்போது. எதிர்காலத்தில் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துப் பார்க்க வேண்டும் என்று பி.காம். வகுப்பில் படித்தது ஞாபகம் இருக்கிறதல்லவா? பதினெட்டு வருடம் கழித்து வரப்போகிற ஒரு வருடச் சம்பளத்துக்காக இன்றைக்கே மூன்று வயதுக் குழந்தையிடம் வட்டி வசூலிக்கிற கணக்கு இது. இத்தனைக்கும் 2020 தேசியக் கல்விக் கொள்கை ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது என்கிறது. கேந்திரிய வித்யாலயாக்கள் 2022-லேயே அதற்கு மாறிவிட்டன. ஃபின்லாந்தில் ஒன்றாம் வகுப்பே ஏழு வயதில்தான். அந்தக் கொள்கையின் மற்ற அம்சங்களோடு ஆயிரம் சண்டை போடலாம், அது வேறு கதை.

ஆனால் காத்திருங்கள் என்று சொல்வது சுலபம். யார் வீட்டில் காத்திருப்பது? அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில், தாத்தா பாட்டி ஊரில் இருக்கும்போது, எல்.கே.ஜி. என்பது படிப்பு கிடையாது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம். பனியன் கம்பெனிக்குப் போகிற அம்மாவிடம் "இன்னொரு வருஷம் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்" என்றால் அவர் சம்பளத்தை யார் கொடுப்பது? காத்திருப்பதும் ஒரு செலவுதான். வசதி உள்ளவர்கள் அதைக் கட்டிவிடுகிறார்கள், இல்லாதவர்கள் பிள்ளையை வேனில் ஏற்றிவிடுகிறார்கள்.

இந்த இடத்தில்தான் தெருமுனையில் இருக்கும் அங்கன்வாடியை நடுத்தர வர்க்கம் ஏன் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று கேட்கத் தோன்றுகிறது. பால்வாடி என்றாலே முகம் சுளிக்கிறார்கள். அங்கே இரண்டு வயது முடிந்தால் சேர்க்கலாம், மதியம் சாப்பாடு, முட்டை, கொஞ்சம் தூக்கம், பாட்டு, எல்லாம் தமிழில். ஹோம்வொர்க் கிடையாது. எல்லா மையமும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. சில இடங்களில் கட்டடம் மோசம், ஒரே டீச்சர் சத்துமாவுக் கணக்கும் எழுதி, குழந்தைகளையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 2019 ஜனவரியில் தமிழ்நாடு அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யூ.கே.ஜி. தொடங்கியது. நல்ல காரியம், அங்கேயும் நாலு கோடு நோட்டைக் கொண்டுவந்து திணிக்காதவரை.

மே, ஜூன், ஜூலையில் பிறந்த குழந்தை வீட்டில் இருந்தால், முடிந்தவர்கள் ஒரு வருடம் பொறுப்பதில் எந்த நஷ்டமும் இல்லை. முடியாதவர்கள், பள்ளியைப் பார்க்கப் போகும்போது ஸ்மார்ட் கிளாஸையும் நீச்சல் குளத்தையும் விட்டுவிட்டு, எல்.கே.ஜி. வகுப்பிலிருந்து பாத்ரூம் எத்தனை அடி தூரம், கூட்டிப்போக ஆயா இருக்கிறாரா, வாங்கச் சொல்லும் பட்டியலில் எழுதும் நோட்டு எத்தனை என்ற மூன்றையும் கேளுங்கள். நோட்டு எண்ணிக்கை நான்கைத் தாண்டினால் அடுத்த பள்ளிக்கு நடையைக் கட்டலாம்.